கிணற்றடிக் காவல்

கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் என் வலது தொடையில் உள்ள தழும்பைத் தொட்டுப் பார்க்கலாம். இது 1781 ஜனவரியில் எனக்கே நடந்தது.

எங்கள் வால்டெக் கையளவு நாடு. எங்கள் இளவரசர் எங்களைச் சிப்பாய்களாக இங்கிலாந்து அரசருக்கு வாடகைக்கு விட்டார். அப்படித்தான் கடல் தாண்டி, பென்சகோலா துறைமுகத்துப் பக்கத்து மணல்காட்டில், ஸ்பானியர்களை எதிர்த்து ஒரு மரவேலிக் காவல் அரணில் கிடந்தோம். அன்றிரவு கிணற்றடிக் காவல் என் முறை. காய்ச்சல் என்று பொய் சொன்னேன். எனக்குப் பதிலாக என் கூட்டாளி யோஸ்ட் போனான்.

"உன் காவல் முறைன்னா உனக்குக் காய்ச்சல் வந்துடும்டா ஃபிலிப். வந்து பேசிக்கிறேன்."

காலை 5:10. சார்ஜென்ட் டீட்ஸ் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் துப்பாக்கிகளைச் சோதித்தார். விசையை இழுத்தால் இரும்புக் கவ்வி விழும். கவ்வியில் உள்ள சிக்கிமுக்கிக் கல் உரசிப் பொறி தரும். கல் இல்லையென்றால் அது வெறும் தடி. என் கல்லைப் பூட்ஸிலிருந்து வெட்டிய சிவப்புத் தோலில் சுற்றி இறுக்கியிருந்தேன். டீட்ஸ் அதை ஆட்டிப் பார்த்தார்.

"கல்லு கெட்டியா இருக்கு. ஆளுதான் ஆடுறான்."

5:25. டம்!

மூடுபனிக்குள்ளிருந்து ஸ்பானியர்கள் வந்தார்கள். வெடிமருந்தும் குண்டும் சுற்றிய பொட்டலத்தைக் கடி, கொட்டு, கம்பியால் இடி, சுடு. கை தானாகச் செய்தது. என் வலப்பக்கம் நின்றவனின் முகத்தில் பாதி என் சட்டையில் தெறித்தது.

இடப்பக்கம் யோஸ்ட் வந்து நின்றான்.

"காவல் முடிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"உன் காவல்தானே... முடிஞ்சுது."

பொட்டலம் கடித்து எங்கள் உதடெல்லாம் கறுத்திருந்தது. அவன் உதடு வெளுப்பு. குளிரில் எல்லார் வாயிலும் ஆவி. அவன் வாயில்... இல்லை.

மறுபடி இடித்தேன். கம்பி குழலுக்கு வெளியே ஒரு சாண் நின்றது. ஒரு குண்டு இருந்தால் இரண்டு விரல்தான் நிற்கும். அப்படியானால் உள்ளே ஐந்தாறு குண்டு... நான் ஒரு முறைகூடச் சுடவில்லை! எல்லாரும் சேர்ந்து சுடும்போது தன் வெடி தனக்குக் கேட்பதில்லை.

கவ்வியைப் பார்த்தேன்.

கல் இல்லை.

"யோஸ்ட்... என் கல்லு..."

"எங்கிட்ட இருக்கு."

சதக்! துப்பாக்கிக் கத்தி தொடையில் இறங்கியது. குத்தியவன் முகத்தில் துப்பாக்கியின் அடிக்கட்டையால் அடித்தேன். மூன்றாவது அடியில் எலும்பு நொறுங்கியது.

திரும்பினேன். யோஸ்ட் இல்லை.

6:40. கிணற்றடியில் அவனைக் கண்டோம். கழுத்து அறுபட்டிருந்தது. உடல் மரக்கட்டையாக விறைத்திருந்தது. அப்படி விறைக்க நாலு மணி நேரமாவது வேண்டும். மூன்று மணிக்கு முன்பே செத்திருக்கிறான்.

வலது கை இறுக மூடியிருந்தது. டீட்ஸ் விரல்களை ஒவ்வொன்றாக உடைத்துத்தான் திறந்தார்.

உள்ளே... சிவப்புத் தோல் சுற்றிய கல்.

டீட்ஸ் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். 5:10-க்கு அதை என் துப்பாக்கியில் ஆட்டிப் பார்த்தவர் அவர்தான்.