மங்கு போன கன்னம்

ஆறு மாதம் முன்பு எங்கள் வீட்டு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையை யார் பார்த்தார்கள்? எல்லோரும் என் ஓர்ப்படி வசந்தியைத்தான் பார்த்தார்கள்!

என் கொழுந்தன் மனைவி அவள். எங்கள் இருவருக்கும் கன்னத்தில் மங்கு, கரும்பழுப்புத் திட்டு. பிள்ளை பெற்ற பிறகு வந்தது, போகவே இல்லை. இருவரும் சேர்ந்தே மஞ்சள் பூசினோம், உருளைக்கிழங்குச் சாறு தடவினோம், சேர்ந்தே அலுத்துப் போனோம். குடும்ப போட்டோக்களில் பின்வரிசையில் ஒளிந்து நிற்கும் ஜோடி நாங்கள்தான்.

அன்றைக்கு வசந்தி முன்வரிசையில் நின்றாள். கன்னம் மொழுமொழுவென்று... மங்கு இருந்த சுவடே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன்? சாப்பாடே இறங்கவில்லை.

"என்னா போடற வசந்தி?"

"ஒண்ணும் இல்லக்கா. கடலைமாவுதான் போட்டுக்கினு இருக்கேன்."

கடலைமாவா? என்னிடமேவா!

தினமும் அவள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்து வெந்துகொண்டிருந்தேன். திடீரென்று போட்டோக்கள் நின்றுபோயின. விசேஷங்களுக்கும் அவள் வரவில்லை. செவிலிமேட்டில் அவள் வீட்டுக்கே போய்விட்டேன். அக்கறை என்று சொன்னால் நீங்கள் நம்பவா போகிறீர்கள்? கிரீம் பெயர் தெரிந்தாக வேண்டும். அவ்வளவுதான்.

கதவைத் திறந்தவள் துப்பட்டாவை முகத்தோடு சுற்றியிருந்தாள். விலக்கினால்... கன்னம் இரண்டும் செக்கச்செவேல். தோல் உரிந்து, உள்ளே மெல்லிய நரம்பெல்லாம் தெரிந்தது.

"பார்லர்ல குடுத்தாங்கக்கா" என்று ஒரு வெள்ளை டப்பாவைக் காட்டினாள். பெயர் இல்லை, தேதி இல்லை, ஓர் எழுத்துகூட இல்லை.

"எரிஞ்சப்பவே நிறுத்தக்கூடாதாம்மா?"

"எரிஞ்சா நல்லதுன்னு நெனச்சேன்க்கா. எங்கப்பா பட்டறைல பட்டு நூல சோப்புத் தண்ணில கொதிக்க வெப்பாரில்ல? பசை போனாத்தானே பளபளன்னு வெளுப்பா வரும்? தோலும் அப்படித்தான் உரியுதுன்னு, இன்னும் கொஞ்சம் கூடவே போட்டேன்."

சாயப் பட்டறைக்காரர் மகள். வேறெப்படி நினைப்பாள்?

தோல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். "ஸ்டீராய்டு கலந்திருக்கும்மா. மங்குக்கு நாங்களே சில சமயம் எழுதுவோம். கொஞ்ச நாளைக்கு, பார்த்துப் பார்த்து. சீட்டு இல்லாம யாரும் தரக் கூடாதுன்னு சட்டமே இருக்குது. ஒரு புகார் குடுங்க" என்றார்.

சட்டம் இருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை. ஜரிகையில் வெள்ளி எவ்வளவு என்று மெஷினில் வைத்துப் பார்த்துச் சேலை வாங்கும் ஊர் இது. முகத்தில் பூசுவதற்கு மட்டும் பெயரில்லாத டப்பா போதுமா? இதைத் தடுத்தே ஆகவேண்டும். அதற்காக, மங்கு வந்தவளிடம் 'நிறத்தில் என்ன இருக்கிறது' என்று உபதேசம் செய்து அனுப்பிவிடவும் கூடாது. எங்களுக்கு உபதேசம் வேண்டாம், வைத்தியம் வேண்டும். அதை டாக்டர் தரட்டும், பார்லர் வேண்டாம்.

வசந்தி புகார் கொடுக்கத் தயங்கினாள். பார்லர்க்காரி பழகியவள், தினமும் தெருவில் முகம் பார்க்க வேண்டும். ஆனால் இரண்டு வாரம் கழித்து அவளே போன் செய்தாள்.

"என் பொண்ணும் அங்கயே ஒரு டப்பா வாங்கி தடவிக்கினு இருக்காக்கா. பன்னெண்டாவது படிக்கறவ... புகார் குடுத்துடறேன், கூட வரியா?"

உடனே கிளம்பினேன். அவளுக்கு இருந்த தைரியம் எனக்கு வந்திருக்குமா தெரியாது. அதற்கும் கொஞ்சம் பொறாமைதான்.

மருந்து ஆய்வாளரின் அலுவலகம். வசந்தி டப்பாவை மேஜைமேல் வைத்து, துப்பட்டாவையும் கழற்றினாள். டாக்டர் கொடுத்த மருந்தில் சிவப்பு நன்றாகவே இறங்கியிருந்தது. அதிகாரி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மங்கு படர்ந்த என் கன்னத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"இவங்களுக்குப் பரவால்ல. உங்களுக்குத்தாம்மா ரொம்ப பாதிப்பு. எவ்ளோ நாளா இந்த கிரீம் போட்டீங்க?"

வசந்தி சிரித்தாள் பாருங்கள்... அத்தனை நாள் அழுத முகம், அப்போதும் என்னைவிட அழகு!