வளைகாப்புக்கு ஒரு பகல் கட்டில்

எங்கள் கடைக்கு யார் வந்தாலும் அமலோற்பவமேரி அக்கா கேட்கும் முதல் கேள்வி, “உங்க வீட்ல செருப்பை எங்க விடுவீங்க?” என்பதுதான். சோபா பார்க்க வந்தவர்கள் முழிப்பார்கள். பதில் சொல்லத் தொடங்கினால் முடிந்தது. வாசற்படி, ஹால், டிவி மாட்டிய சுவர், சாமி படம் இருக்கும் மூலை என்று மொத்த வீடும் அக்காவின் கைக்கு வந்துவிடும். அதன்பிறகு அவர் காட்டுகிற சாமான் அந்த வீட்டுக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல இருக்கும். ஒன்பது வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தவன் சொல்கிறேன், அவர் காட்டி வாங்கியதை யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் கிளியனூரைத் தாண்டியதும் எங்கள் கடை. பழைய மரச்சாமானைப் புதிதாக்குவதும், புதிய மரச்சாமானைப் பழசாக்குவதும் முதலாளி சீனுவாசனின் தொழில். முன்பக்கம் கண்ணாடி போட்ட ஷோரூம். ஊஞ்சல், பித்தளை உருளி, பனையோலை விளக்கு, குஷன் உறை எல்லாம் அங்கே. பின்பக்கம் தகரக் கொட்டகை. சுரண்டுவது, தேய்ப்பது, பாலிஷ் போடுவது என் வேலை. பெயர் ராஜாமணி. பெயரில் மட்டும்தான் ராஜா.

வருகிறவர்கள் பெரும்பாலும் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் புதுவீடு கட்டியவர்கள். போனில் ஒரு படத்தைக் காட்டி, இதேபோல் வேண்டும் என்பார்கள். அது எந்த நாட்டு வீடு என்று அவர்களுக்கே தெரியாது. அலமாரி, மேசை, நாற்காலி எதுவானாலும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள், தர்பூசணி வாங்க வந்ததுபோல. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா மட்டும் அலுக்காமல் பின்னாலேயே நடப்பார். முன்னால் நடக்கமாட்டார். வந்தவர்கள் எதைத் தொடுகிறார்கள், எதைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதுதான் அவருக்குக் கணக்கு.

அவருடைய கணவர் ஆன்டனி லாரி ஓட்டியவர். நான்கு வருடத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். ஒரே மகள் பிரின்சி, நர்சிங் கடைசி வருடம். இந்த வேலை போனால் பிரின்சியின் படிப்பு நடுவில் நின்றுவிடும். அதை அக்கா யாரிடமும் மறைத்ததில்லை. முதலாளியும் ஒருநாளும் மறந்ததில்லை.

போன தை மாதம் பழைய சாமான் வியாபாரி ஒருவர் டாடா ஏஸில் ஒரு சாமானைக் கொண்டுவந்து இறக்கினார். ஆள் நீளம், இடுப்பு உயரம், நான்கு கால், நான்கு மூலையிலும் கனமான இரும்பு வளையம். மேலெல்லாம் கறுப்புப் பெயிண்ட். பக்கப் பலகையில் வெள்ளையாக ஒரு மண்டை ஓடு, அதன் கீழே குறுக்கே இரண்டு எலும்பு. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. கரண்டு ஆபீஸ் பெட்டி. டிரான்ஸ்பார்மரில் ‘அபாயம்’ என்று தொங்குமே, அதே படம். லைன்மேன்கள் கம்பியும் கட்டரும் போட்டுவைக்கும் பெட்டியாக இருக்கும் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு மூன்று நாள் சுரண்டினேன். உள்ளே அருமையான தேக்கு. கால்களைக் கொஞ்சம் குறைத்தேன். வளையங்களைத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். சீனுவாசன் அதன்மேல் வெள்ளை மெத்தையும் நீலக் குஷனும் போட்டு, ‘பிரெஞ்சு காலத்துப் பகல் கட்டில்’ என்று அட்டை எழுதி, ஷோரூமின் நடுவில் வைத்துவிட்டார்.

பிரின்சிக்குக் காய்ச்சல் என்று அக்கா அந்த வாரம் லீவு. திங்கட்கிழமை வந்தார். கைப்பையைக்கூட வைக்கவில்லை, அந்தக் கட்டிலுக்கு முன்னால் நின்றுவிட்டார். நான் கரண்டு ஆபீஸ் கதையைச் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மண்டை ஓடு எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டார். காட்டினேன்.

“இது தூம்பா, ராஜாமணி” என்றார். “எங்க கோயிலுங்கள்ல பொணத்தை வெச்சுத் தூக்கிக்கினு போற பெட்டி. இந்த வளையத்துலதான் கொம்பு சொருகுவாங்க. கல்லறையில ஆளை இறக்கிட்டு பெட்டியைத் திருப்பி எடுத்தாந்துருவாங்க. அடுத்த ஆளுக்கு வேணுமில்ல? எங்க வீட்டுக்காரரும் இந்த மாதிரி ஒண்ணுலதான் போனாரு.”

நான் போய்க் கை கழுவினேன். திரும்பி வந்து, மறுபடியும் போய்க் கழுவினேன். எத்தனை பேர் படுத்துப் போன பலகையை மூன்று நாள் மடியில் போட்டுத் தேய்த்திருக்கிறேனோ. ஏதோ ஒரு ஊரில் சவ ஊர்தி வாங்கியிருப்பார்கள், பழையது கல்லறைக் கொட்டகையில் கிடந்திருக்கும், யாரோ கைமாற்றியிருப்பார்கள் என்று அக்கா சொன்னார். எந்த ஊர் என்று யாருக்குத் தெரியும்.

அக்கா நேராக முதலாளியிடம் போனார். சீனுவாசன் கெட்டவர் என்று சொல்லமாட்டேன், ஆனால் போட்ட காசு அவர் கண்ணை மறைக்கும். மரத்துக்கு ஏது தீட்டு, சுரண்டியதும் போய்விட்டது என்றார். அக்கா விடவில்லை. குடும்பம் நடத்துகிற வீட்டுக்கு மட்டும் இதைக் கொடுக்க வேண்டாம், சொல்லிவிட்டுக் கொடுத்தால் போதும் என்று கேட்டுக்கொண்டார். சொன்னால் யார் வாங்குவார்கள் என்றார் முதலாளி. கடைசியில், புதுச்சேரியில் ஒரு ரிசார்ட்காரர் இந்த மாதிரி சாமான் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவருக்கே தள்ளிவிடுகிறேன், அதுவரை வாயைத் திறக்காதே என்று வாக்குக் கொடுத்தார். அக்கா நம்பினார். நம்பாமல் இருக்க அவருக்கு வசதியில்லை.

பன்னிரண்டு நாள் ரிசார்ட்காரர் வரவில்லை. பதின்மூன்றாம் நாள் விழுப்புரத்திலிருந்து சௌந்தரம் என்ற அம்மா வந்தார். கூடவே அவருடைய மகள் செந்தாமரை. ஏழு மாதம். வருகிற வெள்ளிக்கிழமை வளைகாப்பு. பெண்ணை உட்காரவைக்க நாற்காலி, மணை என்று எல்லோரும் செய்வதுபோல் வேண்டாம், போட்டோவில் பார்க்க அழகாக இருக்க வேண்டும், பிரசவம் முடிந்து வந்தால் பிள்ளையோடு படுக்கவும் தோதாக இருக்க வேண்டும். இதுதான் அவர் தேடிவந்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளியதுமே அவர் கண் நடுக் கட்டிலில் விழுந்தது.

அப்போது நான் ஊஞ்சல் சங்கிலிக்கு எண்ணெய் போட ஷோரூமுக்குள் இருந்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன் என்று சொல்வதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அக்கா செருப்பைப் பற்றிக் கேட்கவில்லை. ஓடிப்போய் ஒரு நாற்காலியை இழுத்து செந்தாமரையை உட்காரவைத்தார். கால் வீங்கியிருக்கிறதே என்று தண்ணீர் கொடுத்தார். பிறகு சௌந்தரம் அம்மாவைக் கையைப் பிடிக்காத குறையாக மூலைக்கு இழுத்துக்கொண்டு போனார். ஊஞ்சல் காட்டினார். பிரம்பு சோபா காட்டினார். முதலாளி ஆறு மாதமாக விற்கமுடியாமல் வைத்திருந்த சிவப்பு மெத்தை நாற்காலியைக்கூட, மகாராணிபோல இருக்கும் என்று புகழ்ந்தார். அந்த அம்மா எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார். தட்டிவிட்டு ஒவ்வொரு முறையும் நடுக் கட்டிலையே திரும்பிப் பார்த்தார்.

வேறு வழி தெரியாமல் அக்கா ஒரு பொய் சொன்னார். அது ஏற்கெனவே புக் ஆகிவிட்டது என்றார். ஒன்பது வருடம் வியாபாரம் தெரிந்தவர் செய்யக்கூடாத தப்பு அது. அடுத்தவர் எடுத்துவைத்த சாமான் என்றால் நம் ஊர்க்காரர்களுக்கு அதுதான் வேண்டும். சௌந்தரம் அம்மாவின் குரல் ஏறியது, யார் புக் பண்ணினார்கள், எவ்வளவு அட்வான்ஸ் என்று. சத்தம் கேட்டு சீனுவாசன் உள்ளறையிலிருந்து வந்தார்.

ஒரு நொடி அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா கண்ணாலேயே கெஞ்சினார். சீனுவாசன் சிரித்துக்கொண்டே, அந்தப் பார்ட்டி காலையில்தான் கேன்சல் பண்ணினார்கள், மேரிக்குத் தெரியாது என்றார். என் கையில் இருந்த எண்ணெய்த் துணி சங்கிலியில் படாமல் சொட்டிக்கொண்டிருந்தது. நான் வெளியே போயிருக்கலாம். போகவில்லை.

சௌந்தரம் அம்மா மகளைக் கூப்பிட்டார். நீளம் போதுமா, படுத்துப் பார் என்றார். செந்தாமரை செருப்பைக் கழற்றிவிட்டு, பக்கவாட்டில் கையை ஊன்றி மெல்ல ஏறிப் படுத்தாள். மல்லாந்து படுக்கக் கஷ்டப்பட்டு, இரண்டு கையையும் வயிற்றின்மேல் கோத்துக்கொண்டாள். நீலக் குஷன் தலைக்கு, காலை நேராக நீட்டினாள். அம்மா போனை எடுத்துப் படம் பிடிக்கப் போனார். தலைமாட்டில் ஒரு வளையம் லேசாக ஆடியது.

அக்கா போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தார்.

“எழுந்திரு கண்ணு. இதுல படுக்காத. இது பொணம் வெச்சுத் தூக்கிக்கினு போற பெட்டி.”

சத்தமே போடவில்லை. தூங்குகிற பிள்ளையை எழுப்புகிற குரல்தான். செந்தாமரை எழுந்து உட்கார்ந்து அக்காவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். சௌந்தரம் அம்மாவின் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. கோபம் பெட்டியின்மேல் வரவில்லை, முதலாளியின்மேலும் வரவில்லை. வளைகாப்பு வைத்திருக்கிற பிள்ளையின் முன்னால் பேசுகிற பேச்சா இது என்று அக்காவின்மேல்தான் பாய்ந்தார்.

சீனுவாசனுக்கு அது போதுமாக இருந்தது. குரலைத் தாழ்த்தி, “மன்னிச்சுக்குங்கம்மா. வீட்டுக்காரரு போனதுலேருந்து இவங்க கொஞ்சம் ஒரு மாதிரி. எதைப் பார்த்தாலும் சாவுதான் ஞாபகம்” என்றார்.

இரக்கப்படுகிறவர்போல அதைச் சொன்னார். நான் அவரை அறைந்திருக்க வேண்டும். அக்கா என் பக்கம் திரும்பினார். உடனே சீனுவாசனும் திரும்பினார்.

“ராஜாமணி, நீதானே சுரண்டுன. அதுல இன்னா இருந்துச்சுன்னு மேடத்துக்குச் சொல்லு” என்றார் முதலாளி.

நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். மண்டை ஓட்டைச் சுரண்டியவன் நான். அதைச் சிரித்துச் சிரித்து அக்காவிடம் சொன்னவனும் நான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீட்டு வாடகை, பெரியவனுக்குப் பரீட்சை, சின்னவளுக்கு இழுப்பு, கண்டமங்கலத்தில் படுத்திருக்கும் மாமனார், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நின்றன. இதெல்லாம் இப்போது நான் சொல்லும் காரணம். அப்போது இருந்தது பயம் மட்டும்தான்.

“கறுப்பு பெயிண்ட்தாங்க இருந்துச்சு. வேற ஒண்ணுமில்ல” என்றேன்.

அக்கா என்னையே பார்த்தார். நான் சங்கிலியைத் துடைத்தேன்.

சௌந்தரம் அம்மா மகளுக்குச் செருப்பை எடுத்துப் போட்டார். “யார் சொல்றது நெசம்னு எனக்குத் தெரிய வேணாம். காதுல விழுந்துட்டுது. இனிமே அதுல என் பொண்ண உட்கார வெக்க முடியாது” என்றார். எதையும் வாங்கவில்லை. கதவருகே செந்தாமரை மட்டும் நின்று திரும்பி, அக்காவைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தாள். கார் திரும்பி விழுப்புரம் பக்கம் போயிற்று. ஆக அக்காவின் ஒரு சொல்லே போதுமாக இருந்திருக்கிறது. என் பொய்யால் யாருக்கும் எந்த லாபமும் இல்லை, என்னைத் தவிர.

சீனுவாசன் கத்தவில்லை. கடைச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். இந்த மாதச் சம்பளத்தை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார். அக்கா சாவியை வைத்தார். கடைப்பெயர் போட்ட கோட்டைக் கழற்றி மடித்தார். சாப்பிடாத டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கினார். போகும்போது செந்தாமரை உட்கார்ந்த நாற்காலியை எடுத்து அதன் இடத்தில் போட்டுவிட்டுத்தான் போனார்.

நான் பின்வாசல் வழியாகப் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் ஓடினேன், ஆனால் வாயில் வந்தது வேறு.

“எனக்கு ரெண்டு புள்ளைங்கக்கா” என்றேன்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

“எனக்கு ஒண்ணு, ராஜாமணி” என்றார்.

திண்டிவனம் பஸ் வந்தது. முன்படியில் ஏறி, கூட்டத்துக்குள் போய்விட்டார். நான் கடைக்குத் திரும்பி வந்தபோது சீனுவாசன் டீ வாங்கி வைத்திருந்தார். என் கையில் எடுத்துக் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன்.