பதினாலு பில்லும் ஒரே பேரும்

தொண்ணூறுகளின் கடைசியில் ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியேறிய மல்வேர்னில், ஒரு சின்ன பிளாசாக் கடைத்தொகுதியில் இடியப்பமும் றோல்ஸும் விற்றுக்கொண்டிருந்தேன். காலையில் மூட்டும் நாலு அடுப்பும் இரவு கடை பூட்டும்வரை எரியும். குளிர்காலத்தில் கடையைச் சூடாக்குவதும் குழாயில் வரும் அதே காஸ்தான்.  காஸ் பில்லை ஒரு மாதமும் நேரத்துக்குக் கட்டியதில்லை. இன்னொரு குளிர்காலம் இப்படிப் போனால் கடையை மூடிவிட்டுப் பழையபடி தொழிற்சாலையில் பெட்டி ஒட்டப் போகவேண்டும். பெட்டி ஒட்டுவதைப் போல நான் வெறுத்த வேலை உலகத்தில் இல்லை.

அந்த நேரத்தில்தான் கழுத்துப்பட்டியும் பைலுமாக ஒரு வெள்ளைக்கார முகவர் கடைக்கு வந்தார். வீடும் கடையுமாக நாற்பது இணைப்புகள் சேர்ந்து வந்தால், ஐந்து வருஷத்துக்கு ஏறாத மலிவு விலையில் காஸ் தருவாராம். மின்சாரத்துக்கும் இப்படி ஒரு காலம் வரும், இப்போதைக்கு காஸ் மட்டும்தான் என்றார். வெள்ளிக்கிழமைக்குள் நாற்பதும் கையில் வேண்டும் என்றார்.

ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பார்கள். எங்கள் ஊர் கூடும், ஆனால் வடத்தைத் தொடுவதற்கு முன் முன்னால் யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கும். பக்கத்து மளிகைக் கடைக்காரர் கையெழுத்துத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முதல் ஆளா நான் வைக்கமாட்டன். ஒரு பத்துப்பேர் வைச்சாப்பிறகு கொண்டுவாரும்" என்றார். பேக்கரிக்காரரும் அதையே சொன்னார். பின்னாலிருந்த ரவுண்ஹவுஸ் வரிசை வீடுகளில் ஏறி இறங்கினேன். எல்லோருக்கும் பதினோராவது ஆளாக இருக்கத்தான் ஆசை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து ஒரு புதுத் தாளை எடுத்து, பதினொன்று என்று இலக்கம் போட்டுத் தொடங்கினேன். முதல் பத்துப்பேரும் வேறு தாளில் இருக்கிறார்கள் என்று கூசாமல் பொய் சொன்னேன். இரண்டே நாளில் தாள் ஐம்பதாம் இலக்கத்தில் வந்து நின்றது. நாற்பது பேர்.

புதன்கிழமை முகவர் எல்லோருடைய பில்லையும் வாங்கிப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவருடைய முகத்தில் ஒரு மரியாதை ஏறியது. "இந்த மனிதர் யார்? பதினாலு பில்லில் இவருடைய பெயர் இருக்கிறது. இந்தப் பகுதியின் பெரிய முதலாளியா?" என்று கேட்டார்.

முதலாளி ஒன்றுமில்லை. அவர் என் கணவருக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஒரு சாமான் கிடங்கில் வேலை. எங்களுக்கெல்லாம் முன்னால் இந்த நாட்டுக்கு வந்தவர். புதிதாக வந்தவர்களிடம் காஸ் கொம்பனி முற்பணம் கேட்கும், யாரிடம் இருந்தது? "என்ர பேரில எடுங்கோ, பிறகு மாத்தலாம்" என்பார் அண்ணை. எடுத்தவர்களில் ஒருவரும் மாற்றவில்லை. என் கடையும் அதில் ஒன்று. இப்போது பதினாலுக்கும் அவர்தான் கையெழுத்து வைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார் முகவர்.

எனக்கும் அண்ணைக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் புதுவீடு வாங்கிக் குடிபூரல் வைத்தவர், தம்பி முறையானவரின் பெண்சாதி கடை வைத்திருக்க, வேறு கடையில் சாப்பாடு எடுத்தார். நான் போகவில்லை. போகாததோடு நிற்காமல் நாலு பேரிடம் சொல்லியும் திரிந்தேன்.

வியாழன் பின்னேரம் அண்ணை வீட்டுக்குக் காரில் போகும்போது என் கணவர், "நீர் வாயைத் திறவாதையும், நான் கதைக்கிறன்" என்றார். போய் இருந்து பத்து நிமிஷம் ஸ்னோவைப் பற்றியே கதைத்தார். பொறுக்க முடியாமல் நானே விஷயத்தைச் சொன்னேன்.

அண்ணை மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் வாசித்தார். "அஞ்சு வருசமோ? ஆரும் இடையில வீடு மாறிப் போனா?"

"ஒருத்தரும் போகமாட்டினம் அண்ணை."

"ஒரு மாசத்தில பேரை மாத்திறம் எண்டுதானே முந்தியும் சொன்னனியள்?"

 அவர் மாட்டேன் என்றால் நாற்பது இருபத்தாறாகிவிடும், எனக்குப் பெட்டி ஒட்டுவதுதான். பேனாவை மேசையில் வைத்தார், பிறகு எடுத்தார். ஒவ்வொரு வீடாக, அந்த வீட்டுப் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டுக் கையெழுத்து வைத்தார். என் கடைத் தாளுக்கு மட்டும் ஒன்றும் கேட்காமல் வைத்தார்.

சந்தோஷத்தில் என் வாய் சும்மா கிடக்கவில்லை. "அண்ணை, இந்த வீட்டையும் சேர்ப்பம். நாப்பத்தொண்டாப் போகட்டும். உங்கட பில்லை எடுங்கோ."

"அது என்ர பேரில இல்லைப் பிள்ளை."

தேத்தண்ணியோடு வந்த அவருடைய மனைவி சொன்னார்: "மகளின்ர பேரில. காஸ் கொம்பனியில இவருக்குக் குடுக்கமாட்டம் எண்டிட்டாங்கள். ஏற்கெனவே பதினாலு இருக்காம், அதில ஒரு கடை எப்பவும் பிந்தித்தான் கட்டுதாம்."

"நீர் சும்மா இரும்," என்றார் அண்ணை.

 வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊருக்கெல்லாம் பேர் கொடுத்த மனுசனுக்குத் தன் வீட்டுக்குப் பேர் இல்லாமல் பண்ணியது நான். இரண்டு வருஷமாகக் கோபம் போட்டதும் நான்.

"அண்ணை, என்ர கடையை நாளைக்கே என்ர பேருக்கு மாத்திறன்."

"முதல் காஸ் மலியட்டும். பிறகு மாத்தலாம்."

நான் பிறகுக்கு விடவில்லை. ஒப்பந்தம் கைச்சாத்தான கிழமையே மாற்றினேன். காஸ் மலிந்ததில் அந்தக் குளிர்காலம் எனக்கு மிஞ்சியிருக்கவேண்டியதெல்லாம் முற்பணமாகப் போய்விட்டது. கடை தப்பியது. மற்றப் பதின்மூன்று பேரையும் வீடு வீடாகப் போய் நச்சரித்து மாற்றவைக்க அடுத்த கோடை வந்துவிட்டது.

ஒருநாள் கடையில் சனம் நிறைந்திருந்த நேரம் அண்ணையிடமிருந்து போன் வந்தது. வீட்டு காஸைத் தன் பேருக்குத் தந்துவிட்டார்கள் என்றார். வேறு யாருக்கும் இன்னும் சொல்லவில்லையாம்.