வெயிலில் போன மஞ்சள்

நான் கையெழுத்துப் போட்ட ஒரு பரிசோதனை அறிக்கை இன்றும் கண்முன் நிற்கிறது. கோழித் தீவனத்தில் கலக்கும் சத்துப் பொடியில் ரைபோஃப்ளேவின், அதாவது பி2 வைட்டமின், இருக்கவேண்டிய அளவுக்குக் குறைவு என்று அதில் எழுதியிருந்தேன். மூன்று முறை சோதித்தும் அதே முடிவு. பாளையம்பட்டி ஓரத்தில் இருந்த அந்தச் சிறிய கம்பெனியில் ஆய்வகப் பொறுப்பு என்னுடையது. அறிக்கையைப் படித்த முதலாளி, கலவை இயந்திரத்தில் பல வருடம் நின்ற அண்ணாச்சி வைட்டமின் பொடியைத் திருடி விற்கிறார் என்றே முடிவுகட்டி, வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சி சண்டை போடவில்லை. “கர்த்தருக்குத் தெரியும்” என்று மட்டும் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார்.

என்னோடு ஆய்வகத்தில் வேலைபார்த்த அக்கா, திருச்சுழிப் பக்கத்து விவசாயக் குடும்பம். அதிகம் பேசமாட்டார். அன்று நேராக என்னிடம் வந்தார்.

“தம்பி, சோதனை மேசைய எப்ப சன்னலோரம் மாத்துனீக?”

“போன வாரம். உள்ள புழுக்கம் தாங்கலக்கா.”

அக்கா உடனே அதே பொடியை அமிலம் சேர்த்த வெந்நீரில் கரைத்து வடிகட்டி, இரண்டு குடுவைகளில் ஊற்றினார். ஒன்றைக் கறுப்புத் தாள் சுற்றி அலமாரிக்குள் பூட்டினார். மற்றது சன்னலோரம் வெயிலில் இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து அறையை இருட்டாக்கிப் புற ஊதா விளக்கைப் போட்டார். அலமாரிக் குடுவை கிளிப்பச்சை கலந்த மஞ்சளாகத் தகதகத்தது. வெயிலில் இருந்ததோ ஒளி மங்கி நீலம் பாரித்திருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெந்நீரின் சூட்டைத் தாங்கும் இந்த வைட்டமின், வெளிச்சத்தைத் தாங்காது. படித்திருக்கிறேன், டப்பா மேலேயே எழுதியிருக்கிறது. காற்றுக்கு ஆசைப்பட்டு அதை மறந்தவன் நான். மங்கிய வெளிச்சத்தில் மறுபடி அளந்தபோது கணக்கு சரியாக வந்தது.

“முதலாளிகிட்ட நான் போயிச் சொன்னா அது ஒங்க மேல கோள் சொன்னதாயிரும். நீங்களே போங்க தம்பி” என்றார் அக்கா.

போனேன். தவறு என்னுடையது என்று புது அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன்; முதலாளி அண்ணாச்சியைத் திரும்ப வரச்சொன்னார். பிறகு அண்ணாச்சி வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டேன். இருட்டில் விளக்கடியில் பார்த்ததையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “அந்த வெளக்க நானும் பாக்கணும்” என்றார்.

அண்ணாச்சி திரும்ப வேலைக்கு வந்த அன்று மதியம், பொடி கலந்துவிட்டு கை கழுவிய ஈரத்தோடு இருட்டறைக்குள் வந்தார். எதையோ தொட்டுக்காட்ட விளக்கடியில் கை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளங்கை ரேகை ஒவ்வொன்றிலும், நகக்கண் ஒவ்வொன்றிலும் கழுவியும் போகாத பொடி பச்சை மஞ்சளாய் ஒளிர்ந்தது.

“ஏ அப்பா… இம்புட்டு நாளும் இதையா அள்ளிக் கொட்டிக்கிட்டு இருந்தேன்?”

 அவர் கையை மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.