இழுக்காத கைகள்

லாரியின் பழைய டியூபை வெட்டி மேசை விளிம்பில் ஆணியடித்து, அதற்குள் ஒரு துணிப் பொம்மையைத் திணித்துவைத்திருப்பார் எங்கள் டாக்டரம்மா. டியூப், அரக்கோணத்து மெக்கானிக் பாய் கொடுத்தது. பொம்மை, பொதட்டூர்பேட்டை லுங்கித் துணியில் நான் தைத்தது. தலைக்கு ரப்பர் பந்து. எழுபதுகளில் திருத்தணியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் பிரசவ அறையில் நர்ஸாக இருந்தேன். சென்னையிலிருந்து பயிற்சிக்கு வரும் மருத்துவ மாணவர்களுக்கு அந்த டியூபில்தான் பாடம். அதையொட்டி மேசைமேல் படுத்துப் பிரசவ வலியில் அலறுகிறவள் நான். அப்போது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை.

இந்தப் பாடம் தொடங்கக் காரணம் ஒரு சாவு. ஒரு பெண்ணுக்குக் குழந்தை கால் பக்கமாக வந்தது. இடுப்பு வரை வெளியே வந்ததுமே பக்கத்தில் நின்ற மாணவர் பதறிப்போய் இழுத்துவிட்டார். இழுத்ததில் கைகள் மேலேறித் தலையோடு சிக்கிக்கொண்டன. டாக்டரம்மா ஓடிவந்து எடுத்தும் குழந்தை பிழைக்கவில்லை. அவர் அந்த மாணவரைத் திட்டவுமில்லை, தேற்றவுமில்லை. மறுநாளே அரக்கோணத்துக்கு பஸ் ஏறிப் போய் டியூபோடு வந்தார். "உசிரோட இருக்கற பொம்பள மேல யாரும் முதல் தடவை கத்துக்கக் கூடாது" என்றார். பொம்மை விளையாட்டு என்று மேலதிகாரி சிரித்தது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"முனகாதம்மா, நல்லாக் கத்து. அவங்களுக்குக் கை நடுங்கணும்" என்பார் என்னிடம். அம்மையார்குப்பத்தில் என் அக்கா பிரசவத்தில் அலறியதை நினைத்துக்கொண்டு, "ஐயோ நைனா, உசிரு போவுதே!" என்று கத்துவேன். மற்ற மாணவர்கள் சொந்தக்காரர்களாக நின்று அதட்டுவார்கள். டாக்டரம்மா பின்னாலிருந்து பொம்மையை மெல்லத் தள்ளுவார். அத்தனைக்கும் நடுவே, பிரசவம் பார்ப்பவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பொம்மையின் பிடரி தெரியும்வரை இழுக்கக் கூடாது. இழுத்தால் மறுபடி முதலிலிருந்து. குழந்தையை இழுத்துவிட்ட அந்த மாணவரின் கைகள் பல நாள் தாமாகவே முன்னால் வந்தன. மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகும் டாக்டரம்மா அவரை விடவில்லை, அவரும் போகவில்லை.

ஆடிக் கிருத்திகை வந்தது. மலையடிவாரமெங்கும் காவடிக் கூட்டம். வண்டி எதுவும் வெளியே போக வழியில்லை. நண்பகலில் ஒரு நெசவுக்காரப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். கால் பக்கம். டாக்டரம்மாவோ வேறொருத்திக்கு வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார். கதவருகே போய்ச் சொன்னேன். உள்ளிருந்தே, "அன்னிக்கு இழுத்த பையனே பாக்கட்டும். நீ கூட நில்லு" என்றார்.

குழந்தை இடுப்பு வரை வந்தது. அந்தப் பெண் என் கையை நெரித்தாள். "இன்னாத்துக்குச் சும்மா நின்னுகினு கீறாரு? இழுக்கச் சொல்லுக்கா!"

"புடிச்சி இழுய்யா டாக்டரு!" என்று வாசலில் மாமியார் கூவினாள்.

அவர் கைகள் முதுகுக்குப் பின்னால் இருந்தன. முகமெல்லாம் வியர்வை. "வலி வரும்போது முக்கும்மா. நான் இங்கதான் இருக்கேன்" என்றார். பிடரி தெரிந்தது. அப்போதுதான் கைகள் முன்னால் வந்தன. குழந்தையை முன்கையில் ஏந்திக்கொண்டார், நான் அடிவயிற்றை அழுத்தினேன், தலை வந்துவிட்டது. துண்டால் அதன் முதுகைத் தேய்த்தேன். பிறகு குழந்தை அழுதது. அவரும் அழுதார்.

ஆபரேஷனை முடித்துவிட்டு டாக்டரம்மா வந்து எட்டிப் பார்த்தார். "இழுத்தியா?"

"இல்ல மேடம்."

தலையசைத்துவிட்டுத் தன் நோயாளியிடம் திரும்பிப் போனார்.

இப்போது கல்லூரிகளில் மூச்சுவிடுகிற, பேசுகிற பிளாஸ்டிக் பொம்மைகளே வந்துவிட்டனவாம். நல்லதுதான். அன்று எங்களிடம் பிடிவாதம் மட்டுமே இருந்தது. அந்தக் கிருத்திகைக்கு மறுநாள் காலை, பாராட்டு கிடைக்கும் என்று மாணவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். டாக்டரம்மா ஒரு வாளி நிறையச் சிவப்புச் சாயத் தண்ணீரோடு உள்ளே வந்தார்.

"ஏறிப் படும்மா" என்றார் என்னிடம். "கொழந்த பொறந்தாச்சு. இன்னிக்கு உனக்கு ரத்தம் நிக்கல."