காத்துக்கு மணம் கீது

இன்று காலை பள்ளித் தோழிகளின் குரூப்பைத் திறந்தேன். பற்றிக்கொண்டு வந்தது!

'வயிறு குலுங்க வைக்கும் மாணவர் விடைகள்' என்று ஒரு ஃபார்வர்ட். அதில் ஒன்று:

கேள்வி: காற்றுக்கு மணம் உண்டா?
விடை: எங்க தெருவுக்கு வந்து மோந்து பாருங்க சார்!

கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். 'செம காமெடி' என்று அட்மின் அம்மாள் வேறு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அந்த விடையை எழுபதுகளிலேயே ஒருத்தி எழுதிவிட்டாள். பெயர் லூர்து. எட்டாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். திருவொற்றியூரில் ஒரே தெரு எங்களுக்கு.

அவள் நைனாவுக்கு ஹார்பரில் மூட்டை தூக்கும் வேலை. முழுப் பரீட்சைக்கு முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"பாஸானா பட்ச்சிக்கோ. ஒண்ணுல பெயிலானாலும் இஸ்கூலு கட்டு!"

பேப்பர் கொடுக்கும் நாள் வந்தது. சயின்ஸ் டீச்சர் தெற்கே எங்கிருந்தோ இரண்டு பஸ் மாறி வருபவர். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கர்சீப் மூக்குக்குப் போய்விடும்! (வகுப்புக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் முகத்தையே பார்க்கலாம்.)

அன்றைக்கு லூர்துவின் பேப்பரை எடுத்து உரக்கப் படித்தார்.

"காற்றுக்கு நிறம் இல்லை. மணம் கீது. மேலக்காத்து அடித்தால் மணலி எண்ணெய் ஆலையிலிருந்து அழுகின முட்டை மணம். கடல் காத்து அடித்தால் கருவாட்டு மணம். ரெண்டும் இல்லாத அன்னிக்குக் காத்தே இல்லை."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான்.

"பரீட்சை பேப்பர்ல கீதாம், கீது!" என்றார் டீச்சர். "முட்டை நாத்தம்னு எழுதினே இல்ல? இந்தா, உனக்கும் முட்டை!"

சிவப்பு மையில் பெரிய பூஜ்யம். இரண்டு மார்க் கேள்வி அது. மொத்தம் முப்பத்து மூன்று. பாஸுக்கு முப்பத்தைந்து வேண்டும்!

லூர்து எழுந்து நின்றாள். அழவில்லை.

"டீச்சர், நெசமாவே நாறுது டீச்சர். நீங்களே கர்சீப்பு வெச்சிகினுதானே வர்றீங்கோ?"

சிரிப்பு சட்டென்று நின்றது. டீச்சர் முகம் சிவந்தது. என் பக்கம் திரும்பினார்.

"நீயும் அதே தெருதானே? எழுந்திரு. காற்றுக்கு மணம் உண்டா, இல்லையா?"

அன்று காலையில்தான் நாங்கள் இரண்டு பேரும் தாவணி முனையால் மூக்கை மூடிக்கொண்டு ஓடி வந்திருந்தோம்.

நான் சொன்னேன்: "இல்ல டீச்சர். காற்றுக்கு நிறம், மணம், சுவை இல்லை."

"பார்த்தியா? இவளுக்கு ரெண்டு மார்க்!"

வீட்டுக்குப் போகும்போது தெருமுனையில் லூர்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உனுக்கு இன்னாடி, மூக்கு அட்ச்சிகிச்சா?"

அடுத்த வாரமே அவள் இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் போய்விட்டாள். நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போனேன்.

அந்த டீச்சர் மீது இன்றும் ஆத்திரம் ஆறவில்லை. புத்தகத்தை நம்பினாரே தவிர, தன் மூக்கை நம்பவில்லை! என் மீது வரும் ஆத்திரம் அதைவிட அதிகம். சீ!

இன்று குரூப்பில் கேட்டேன்: "லூர்துவ யாரும் சேக்கலியா?"

அட்மின் உடனே பதில் போட்டாள்: "இன்னாமே, இது எஸ்.எஸ்.எல்.சி. முட்ச்சவங்க குரூப்பு. அது எட்டாவதுலயே நின்னுட்ச்சே!"

கூடவே ஒரு சிரிப்பு பொம்மை!

குரூப்பை விட்டு வெளியே வந்துவிட்டேன். (யாரும் சமாதானம் பேச போன் பண்ண வேண்டாம். எடுக்க மாட்டேன்.)

இதை ஜன்னலை இறுக்கிச் சாத்திக்கொண்டுதான் டைப் செய்கிறேன். வெளியே மேலக்காற்று.

லூர்து எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தவர்கள் இதை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

லூர்து, காத்துக்கு மணம் கீதுடி. எனுக்குப் போட்ட அந்த ரெண்டு மார்க்கு உன்னுது.