சசிகலா டீச்சரின் ஊதாப் புள்ளி

ஓவேலித் தேயிலை எஸ்டேட் பக்கம் போய்ச் சசிகலா டீச்சரைப் பற்றி யாராவது இளக்காரமாகப் பேசிப் பாருங்கள், அந்த எஸ்டேட் ஜனம் சும்மா விடாது. இருபத்திரண்டு வருஷமாக அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு முட்டை வேகவைத்து, எடை பார்த்து, மூக்குத் துடைத்துவிடுகிற மனுஷி. அவர் எண்ணிச் சொல்லித்தான் அங்கே செல்போன் டவரே வந்தது.

அதற்கு முன்னால் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு மேலே இருக்கும் மொட்டைப் பாறை. பிள்ளைகளின் வருகையைப் போனில் ஏற்ற டீச்சர் தினமும் அதில் ஏறியாக வேண்டும். ஆடி மழையில் ஒருநாள் வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகிவிட்டது. கட்டுப் போட்ட கையோடு மறுநாளும் ஏறினார். வேறென்ன செய்வார், பாவம்!

டவர் வைக்கலாமா என்று பார்க்க ஹரிதாஸ் என்ற இன்ஜினியர் வந்தார். லேப்டாப்பைத் திறந்து, "இந்தப் பக்கம் நெட்ல இருக்கறது நாப்பத்தாறு போன்தானுங்க. இருநூத்தம்பதாவது இருந்தாத்தான் டவர்," என்றார்.

டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏனுங்க, அது பாறைமேல நிக்கறவங்க கணக்கு. சிக்னலே இல்லாம ஊட்டுல கெடக்கற போன் உங்க பொட்டிக்கு எப்படிங்க தெரியும்?"

"அப்ப மொத்தம் எத்தனைன்னு நீங்களே சொல்லுங்க. நாளான்னிக்கு ரிப்போர்ட் போகணும்."

அங்கே ஏழு லைன், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சரிவில். வீடு வீடாக ஏறி இறங்க ஒரு வாரம் ஆகும். ஆனால் டீச்சரிடம் ஒரு பழைய வித்தை இருந்தது. போலியோ சொட்டு மருந்து போட்ட பிள்ளைக்குச் சுண்டுவிரலில் தேய்த்தாலும் போகாத ஊதா மை வைப்பார்கள். மறுநாள் சந்தையில் கண்ணில் படும் பிள்ளைகளில் எத்தனை விரலில் மை என்று பார்த்தால், எவ்வளவு பேர் விட்டுப்போனார்கள் என்று கணக்குப் போட்டுவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை அந்த மைப் பேனாவோடு பாறையில் உட்கார்ந்தார். லீவு நாள் என்பதால் வழக்கத்தைவிடக் கூட்டம்; மேலே வந்த அறுபது போனின் முதுகிலும் ஒரு புள்ளி வைத்தார். மறுநாள் காலையில் மஸ்டரில், அதாவது எல்லா லைன் ஆட்களும் வேலைக்குக் கூடுகிற இடத்தில், நூறு போனை வாங்கி மேசையில் பரப்பினார்.

நூறிலும் புள்ளி!

புள்ளி இருக்கிற போனுக்கு மட்டும்தான் டவர் எடுக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். சிலர் சாதா பேனாவால் வைத்திருந்தார்கள். கொழுந்து பறிக்கிற பாலாமணி நெயில்பாலிஷ் வைத்திருந்தாள். அவளோடு வேலை பார்க்கும் ஒச்சப்பன் குங்குமமே வைத்துவிட்டார்.

"நேத்து வெச்சது அறுபது, இன்னிக்கு நூறா? இதை எப்படிங்க எழுதறது?" என்று சிரித்தார் ஹரிதாஸ்.

"என்ற பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!" என்று டீச்சர் கத்தினார். அப்புறம் முந்தானையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியாகத் தேய்த்துப் பார்க்க உட்கார்ந்துவிட்டார். மருந்துக்குத் தப்பிய பிள்ளைக்குத் தாய்மார் சாதா பேனாவால் மை வைத்து ஏமாற்றுவதை எத்தனை முறை பிடித்தவர் அவர்! குங்குமம் தேய்த்ததும் போனது. பேனா மையும் போனது. நெயில்பாலிஷ் நிறத்திலேயே மாட்டிக்கொண்டது. கடைசியில், தேய்த்தும் போகாத ஊதாப் புள்ளியோடு மிஞ்சியவை இருபது.

"நூத்துல இருவது, அஞ்சுல ஒண்ணு. ஊருல இருக்கற போன்ல நான் வெச்ச அறுவதும் அஞ்சுல ஒண்ணுன்னா, மொத்தம் முந்நூறு. எழுதுங்க!"

ஹரிதாஸ் எழுதவில்லை. ரிப்போர்ட்டை ஒரு வாரம் தள்ளிவைத்துவிட்டு, ஏழு லைனும் தானே ஏறி இறங்கி எண்ணினார். அட்டைக் கடியோடு, மூச்சு வாங்க அங்கன்வாடி வாசலில் வந்து நின்றார்.

"முந்நூத்தி ஏழுங்க டீச்சர்," என்றார். "ரிப்போர்ட்டுல மதிப்பிட்டவர்னு ஒரு கட்டம் இருக்குது. முழுப் பேர் சொல்லுங்க, உங்க பேர்தான் போடோணும்."

தை மாசம் டவர் வந்தது. அன்று ஒன்பது மணிக்குப் பழக்கதோஷத்தில் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிய டீச்சர், வாசலைத் தாண்டுவதற்குள் போனைப் பார்த்தார். பதிந்து வைத்திருந்த பதினெட்டுப் பிள்ளைகளின் வருகையும் அங்கேயே தானாக ஏறிவிட்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு குடையை ஆணியில் மாட்டினார். பிறகு பிள்ளைகளை வரிசையாக நடத்திக்கொண்டு டவரடிக்குப் போய், அதன் இரும்புக் காலில் ஊதா மையால் ஒரு புள்ளி வைத்தார்.

"இதையும் எண்ணியாச்சு," என்றார்.